மஹர் மண்ணில் ஒரு குளம்

அத்தியாயம் பதினொன்று

ஜுலைகா ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியிருந்தால் தேவலை. கத்தியிருந்தால், தட்டை வீசியிருந்தால், புருஷன் ஷஃபியுல்லாவும் பதிலுக்கு ரெண்டு கத்து கத்திவிட்டுக் கடைக்குப் போயிருப்பார். அந்த வீட்டில் சண்டை எப்போதும் அப்படித்தான் வரும், அப்படித்தான் போகும். ஆனால் நேற்று சாயங்காலம் ஆம்பூரிலிருந்து மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியவள், துப்பட்டியைக்கூடக் கழற்றாமல் நேரே போய்ப் பின்கதவைத் திறந்தாள். ரெண்டு தென்னை நின்ற இடத்தில் ஒரு பள்ளம். லாரியை இறக்கலாம், அவ்வளவு பெரிய பள்ளம். பார்த்தாள். கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து எல்லாருக்கும் டீ போட்டாள்.

டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. ஷஃபியுல்லா பாதி டம்ளரிலேயே கீழே வைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். மகள் இஃபத்தின் புருஷன் முப்பத்தஞ்சு வயசில் மாரடைப்பில் மவுத்தாகிவிட்டான். புருஷன் போனால் பெண் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும், நாலு மாசம் பத்து நாள். அத்தனை நாளும் ஜுலைகா ஆம்பூரில் மகளோடு இருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பூந்தமல்லி வீட்டின் பின்பக்கம் மகன் முஜீபும் மருமகள் அஃப்ஷீனும் நீச்சல் குளத்துக்குக் குழி வெட்டிவிட்டார்கள்.

வெட்டு என்று சொன்னவர் ஷஃபியுல்லா.

சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. அது அவருக்கும் தெரியும். அந்த நாலு சென்ட் மண் ஜுலைகாவின் மஹர். கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தே ஆகவேண்டியது மஹர். கொடுத்த பிறகு அது பெண்ணின் சொத்து, புருஷன் கை வைக்க முடியாது. அன்றைக்கு ஷஃபியுல்லாவிடம் பவுனும் இல்லை, பணமும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த மண் இருந்தது. சபையில் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழ, இந்த மண்ணைக் கொடுத்தேன் என்றார். பட்டா மட்டும் அவர் பேரிலேயே கிடந்தது. மாற்றித் தரவா என்று அவர் கேட்டதில்லை. மாற்று என்று அவள் சொன்னதில்லை.

"எங்க போயிடப் போவுது," என்பாள்.

இப்போது போய்விட்டது.

*

காலையில் அவர் கடைக்குப் போகவில்லை. குமணன்சாவடியில் பழைய கதவு ஜன்னல் வியாபாரம் அவருக்கு. இடிக்கிற வீடுகளில் நிலையையும் கதவையும் பெயர்த்து வந்து விற்பது. அந்தத் தொழிலில் ஒருத்தனை நம்பினால் ஒரு மாச வருமானம் போச்சு. தேக்கு என்பான், தட்டிப் பார்த்தால் வேம்பு. பர்மா மரம் என்பான், பெயிண்ட்டைச் சுரண்டினால் உள்ளே கரையான். பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்புக்கு மேல் அவர் போகவில்லை. கை விரலால் தட்டிப் பார்த்தே பிழைத்தவர்.

நீச்சல் குளக் கம்பெனிக்காரன் நிர்மல் முதல் தடவை வந்தபோதே அவருக்குப் பிடிக்கவில்லை. பையன் மரியாதையாகத்தான் பேசினான். அந்த மரியாதைதான் சந்தேகம். குளத்துக்கு ஒரு விலை சொன்னான். ஒத்துக்கொண்டதும் மோட்டாருக்குத் தனி என்றான். தண்ணியைச் சுத்தம் பண்ணுகிற மிஷினுக்குத் தனி. அப்புறம் மருந்து. அப்புறம், பக்கத்தில் எழும்பியிருக்கிற அடுக்குமாடியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்க மூணு பக்கமும் உயரமாகத் தகரம். கடைசியில் கிரேன்.

"கதவு விக்கிறவன் கதவு விலைதான் சொல்லுவான். பூட்டு விலை சொல்ல மாட்டான்," என்று அன்றைக்கே முஜீபிடம் சொன்னார்.

"அத்தா, எல்லாம் அஃப்ஷீன் பணம். நீங்க டென்ஷன் ஆகாதீங்க," என்றான் மகன்.

அது உண்மை. அதுதான் பெரிய வினை.

அஃப்ஷீன் வாணியம்பாடிப் பெண். சின்னதில் கிணற்றில் மீன் மாதிரி நீந்துவாளாம். பெரியவள் ஆனதும் கிணற்றுப் பக்கம் போகாதே என்றுவிட்டார்கள். படித்தாள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். நீந்த மட்டும் இடம் கிடைக்கவில்லை. போன இடமெல்லாம் ஆம்பளைகள். நாலு சுவருக்குள், பெண்களுக்கு மட்டும் என்று ஒரு குளம் கட்டினால் பூந்தமல்லியில் எத்தனை பேர் வருவார்கள் என்று விசாரித்தாள். வருகிறேன் என்று பேர் கொடுத்தவர்கள் அவளே எதிர்பார்க்காத கூட்டம். வேலையை விட்டாள். கல்யாணத்தில் முஜீப் மஹராகப் போட்ட பதினைந்து பவுனை விற்றாள்.

விற்பதற்கு முன்னால் ஷஃபியுல்லா முன்னால் வந்து நின்று, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, பின்பக்க இடத்துல குளம் போட உங்களுக்குச் சம்மதமா?"

அன்றைக்கு அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் சம்மதம் எதுக்கும்மா, உங்க மாமியைக் கேளு என்று சொல்லியிருக்க வேண்டும். மருமகள் நகையை விற்று வீட்டில் போடுகிறேன் என்கிறாள். மகன் பக்கத்தில் நிற்கிறான். இந்த வீட்டில் பெரியவர் என்று தன்னைக் கேட்கிறார்கள். அந்த நிமிஷம் அவருக்கு இனித்தது.

"செய்யும்மா," என்றார்.

ஒருத்தரையும் நம்பாத மனுஷன். அவரை ரெண்டு பெண்கள் நம்பினார்கள். ரெண்டு பேர் மஹரும் இப்போது ஒரே குழிக்குள் கிடந்தது.

*

நிர்மல் எட்டு மணிக்கே வந்துவிட்டான். குளம் என்றால் செங்கல் வைத்துக் கட்டுகிற குளம் இல்லை. ஃபைபரில் வார்த்த ஒரே தொட்டி. ட்ரெய்லரில் வரும். கிரேனில் தூக்கி, வீட்டுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்னால் குழியில் இறக்க வேண்டும். குழிக்கு அடியில் மணல் கொட்டி, மட்டம் பார்த்து, பாய் விரித்தது மாதிரி வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஊறி வருகிற தண்ணியை ஒரு மோட்டார் ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டிருந்தது.

ஜுலைகா பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நேற்று வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். அதுவும் புருஷனிடம் இல்லை, நிர்மலிடம்.

"தம்பி, இது பிடிக்கலைன்னா அப்புறம் எடுத்துடலாமா?"

நிர்மல் சிரித்தான். "எடுக்க முடியாதும்மா. ஒரு தடவை இறக்கினா இறக்கினதுதான். இங்க ஏரி கிட்ட இருக்கு, ஊத்து ஜாஸ்தி. தொட்டியைக் காலியா வச்சீங்கன்னா அடியில இருக்கற தண்ணி தள்ளி மேல தூக்கிடும். கப்பல் மாதிரி மிதந்துக்கிட்டு வந்துடும். அதனால எப்பவும் தண்ணி நிரப்பியே வச்சிருக்கணும்."

"தண்ணிக்கு எங்க போறது?"

"லாரித் தண்ணிதாம்மா."

"அப்ப நாம அதை வச்சிருக்கலை. அது நம்மளை வச்சிருக்கும்."

நிர்மல் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். அடிக்காத போன்.

பக்கத்து மாடியிலிருந்து தட்சிணாமூர்த்தி எட்டிப் பார்த்தார். பாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வேடிக்கைதான் இப்போது அவருக்கு உத்தியோகம்.

"இன்னா பாய், கப்பல் எப்ப வருது?"

"பத்து மணிக்கு. டிக்கெட் வாங்கிட்டு வா," என்றார் ஷஃபியுல்லா. வாய் பேசியதே தவிர, கண் ஜுலைகாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

*

பின்னாலேயே போனார்.

அடுப்பங்கரையில் இஃபத் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெண் குழந்தை, ரெண்டு வயசு, தரையில் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. இஃபத் குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஷஃபியுல்லா கதவோரம் நின்றுவிட்டார்.

"எனக்கு ரூம்லாம் வேணாம்மா. ஹால்ல படுத்துக்கறேன். அண்ணி நகையைப் போட்டிருக்காங்க. விட்டுடும்மா."

"நீ ஏற்கெனவே ஒண்ணை விட்டுட்டு வந்திருக்கே," என்றாள் ஜுலைகா.

இஃபத் குனிந்துகொண்டாள். வெங்காயம் என்று நினைத்தால் வெங்காயம்.

ஷஃபியுல்லாவைப் பார்த்ததும் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது.

"ஜுலைகா."

"ம்."

"நீ போன்ல சொன்னியே... பின்னாடி ரெண்டு ரூம் போட்டு இவளுக்குக் குடுத்துடலாம்னு."

"சொன்னேன். 'ம்'னீங்க."

"அப்பவே தோண்டியாச்சு."

"தெரியுது. தோண்டின குழி மேல நின்னுக்கினுதான் 'ம்'னீங்க."

பால் பொங்கியது. அவள் துணியால் பிடித்து இறக்கினாள். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. யோசித்து வைத்திருந்த ஒரே வார்த்தை அதுதான். அதையும் கேட்டுவிட்டார்.

"மஹரை மாப்பு பண்ணிடு, புள்ள."

மாப்பு என்றால் மன்னிப்பு. விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று பெண் வாயால் சொல்வது.

ஜுலைகா திரும்பினாள். கோபம் இருந்தால் பரவாயில்லை. அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது.

"மவுத்தான புருஷன் மய்யித்துப் பக்கத்துல பொண்டாட்டியை நிக்க வச்சுக் கேப்பாங்க இதை. சந்தூக்குப் பொட்டியில வச்சுத் தூக்கறதுக்கு முன்னாடி. நீங்க உசுரோட நின்னுக்கினு கேக்கறீங்க."

அவர் கைநீட்டி அடுப்பை அணைத்தார்.

"இஃபத்தை அப்படித்தான் கேட்டாங்க. ஊரே நின்னுக்கினு கீது. மய்யித்து காத்துக்கினு கீது. மாப்பு பண்ணிட்டேன்னு சொல்லும்மா, தூக்கணும்னு மாமியார்க்காரி தோளைப் புடிச்சு உலுக்கறா. நான் பக்கத்துல நிக்கறேன். சொல்லுடின்னு நானும் சொன்னேன். சொன்னா. அவ்வளவுதான். இத்தா முடிஞ்ச மறுநாள் பொட்டியை எடுத்து வாசல்ல வச்சாங்க. கேக்கறதுக்கு அங்க அவளுக்குன்னு ஒரு செங்கல்லு கெடையாது."

"நம்ம ஊட்ல அவளை யாரு வெளிய தள்ளப் போறாங்க?"

"யாரும் தள்ள மாட்டாங்க. ஹால்ல படுக்க வப்பாங்க. அது எத்தினி வருஷம்? நீங்களும் நானும் கீற வரைக்கும். அப்புறம்?"

பாலை டம்ளரில் ஊற்றினாள். பேத்திக்கு ஒன்று. அவருக்கும் ஒன்று. அதையும் கையில் கொடுத்தாள்.

இந்தப் பால் டம்ளரைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

*

முஜீப் வாசலில் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தான். அவனை ஓரமாக இழுத்தார்.

"டேய், இன்னிக்கு வேணாம். நிறுத்து."

"அத்தா, என்ன விளையாடறீங்களா? ட்ரெய்லர் டிரங்க் ரோடுல வந்துட்டிருக்கு. கிரேன்காரன் மணிக்கு இவ்வளவுன்னு வாங்கறான். ஏன் நிறுத்தணும்?"

"உங்கம்மா மண்ணுடா அது."

"தெரியும். அதுக்கென்ன? அம்மாவுது, அத்தாவுதுன்னு நம்ம வீட்ல தனியா இருக்கா? அம்மா ஒண்ணும் சொல்லலையே. சும்மாதானே இருக்காங்க. நிக்காஹ்ல பொண்ணு சும்மா இருந்தா சம்மதம்னு தானே அர்த்தம்?"

"உங்கம்மா நிக்காஹ்லயே சும்மா இல்லடா," என்றார் ஷஃபியுல்லா.

சாட்சிகள் ரெண்டு பேர் திரைக்கு அந்தப் பக்கம் போனார்கள் அன்றைக்கு. இன்னாருக்கு உன்னைக் கட்டிக்கொடுக்கிறோம், மஹர் வீட்டுப் பின்னாடி நாலு சென்ட் மண்ணு, சம்மதமா தாயி என்று கேட்டார்கள். மற்றப் பெண்களாக இருந்தால் தலையைக் குனிவார்கள், முடிந்தது. ஜுலைகா உள்ளேயிருந்து கணீரென்று கேட்டாள்: "தென்னை மரத்தோடவா, இல்லாமயா?" கல்யாண வீடே சிரித்தது. மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த ஷஃபியுல்லா காது சிவக்க, "மரத்தோட!" என்று இங்கிருந்து கத்தினார்.

மகனுக்கு இதெல்லாம் கேட்க நேரமில்லை. போன் அடித்தது. இந்தத் தடவை அடித்த போன்.

"அஃப்ஷீனுக்குத் தெரியுமாடா?" என்றார்.

முஜீப் போனைக் காதில் வைத்துக்கொண்டே தலையை இல்லை என்று ஆட்டினான். கையையும் ஆட்டினான். இப்போது சொல்லித் தொலைக்காதீர்கள் என்று அதற்கு அர்த்தம்.

திரும்பினால் அஃப்ஷீன் நிற்கிறாள். கையில் தட்டு, தட்டில் குளத்தை இறக்குகிறவர்களுக்கு ஜாங்கிரி. முகம் முழுக்கச் சந்தோஷம். பல வருஷத்துக்கு அப்புறம் தண்ணியைத் தொடப்போகிறவள் முகம்.

"மாமா, மாமி வந்ததுலேர்ந்து முகம் குடுத்தே பேசலை. நகையை வித்தது பிடிக்கலையா?"

சொல்லிவிடலாம். இதோ இந்த இடத்தில், ட்ரெய்லர் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்னால் சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜாங்கிரித் தட்டைப் பார்த்தார்.

"முட்டி வலிம்மா அவளுக்கு. பஸ்ல வந்தது," என்றார்.

"அதுக்குத்தான் மாமா தண்ணி நல்லது! முதல்ல மாமியைத்தான் இறக்கப் போறேன், பாருங்க," என்றாள் அஃப்ஷீன்.

*

பத்து மணிக்கு வரவேண்டிய தொட்டி பதினொன்றரைக்குத்தான் வந்தது. நீல நிறம். தெருவின் இந்தப் பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கச் சுவருக்கும் இடுக்கில், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்தது. கேபிள் ஒயரை ஒருத்தன் கம்பால் தூக்கிப் பிடித்தான். கிரேன் கால் ஊன்றிக்கொண்டது. நாலு மூலையிலும் பெல்ட் மாட்டினார்கள். எல்லா மாடியிலும் ஆட்கள்.

தூக்கியபோது தெரு மூச்சை அடக்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய தொட்டி காகிதம் மாதிரி ஆடிக்கொண்டு மேலே போனது.

"குழாய்ல தண்ணி வரலைன்னு மனு குடுத்தோம். குளமே பறந்து வருது!" என்றார் தட்சிணாமூர்த்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே பள்ளிவாசலில் நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். அஃப்ஷீன் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள். ஷஃபியுல்லா அண்ணாந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். தொட்டி மொட்டைமாடிக்கு மேல் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் குழி.

"ஏய்! ஏய்! நிறுத்து!" என்று பின்பக்கத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

ஷஃபியுல்லா வீட்டுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் ஓடினார். அவருக்குப் பின்னால் முஜீப், அஃப்ஷீன், நிர்மல்.

குழிக்குள் ஜுலைகா நின்றுகொண்டிருந்தாள்.

தொழுகைக்குக் கை, முகம் கழுவி ஒளு செய்த ஈரம் முகத்தில் இன்னும் இருந்தது. தலையைச் சுற்றி வெள்ளை மக்கனா. மட்டம் பார்த்துப் பரப்பிய மணலில், மேற்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து முஸல்லாப் பாயை விரித்திருந்தாள். ஏணி சாய்ந்திருந்தது. முட்டி வலிக்காரி எப்படி இறங்கினாளோ. கையைத் தூக்கி, நெஞ்சில் கட்டிக்கொண்டு, தொழ ஆரம்பித்துவிட்டாள்.

கிரேன் ஆப்பரேட்டர் தெருவிலிருந்து கத்தினான், "பாய்! கீழ ஆள் நின்னுகினு கீதாமே! நான் எறக்க மாட்டேன், சொல்லிட்டேன். எனக்கும் பொண்டாட்டி புள்ள கீது!"

"கொஞ்சம் ஹோல்டு பண்ணுங்க," என்றான் நிர்மல்.

"எத்தினி நேரம் புடிச்சிகினு நிக்கறது? காத்து வேற அடிக்குது!"

முஜீப் குழி ஓரத்தில் குத்துக்காலிட்டான். "அம்மா..." என்றான். ஷஃபியுல்லா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தொழறவங்க கிட்ட பேசாதே."

"அத்தா, மணிக்கு..."

"தொழறவங்க கிட்ட பேசாதடா."

அவள் குனிந்தாள். நிமிர்ந்தாள். நெற்றியை மண்ணில் வைத்தாள். அவசரமே இல்லை. முன்னால் தொழுகிற சுன்னத் முடிந்தது. கட்டாயமான ஃபர்ளு முடிந்தது. மறுபடி சுன்னத் முடிந்தது. வலப்பக்கம் ஸலாம் கொடுத்தாள், இடப்பக்கம் ஸலாம் கொடுத்தாள். இதோ எழுந்துவிடுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். எழுந்தாள். மறுபடி கையைத் தூக்கிக் கட்டினாள்.

நஃபில். இஷ்டப்பட்டுத் தொழுவது. அதற்குக் கணக்கும் கிடையாது, கெடுவும் கிடையாது.

மேலே நீலத் தொட்டி பெல்ட்டில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் நிழல் கொல்லைச் சுவரில் ஏறி இறங்கியது. பின்கதவில் இஃபத் குழந்தையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை குழிக்குள் கையைக் காட்டி, "நன்னி, நன்னி," என்று பாட்டியைக் கூப்பிட்டது.

"என்னங்க நடக்குது?" என்றாள் அஃப்ஷீன், முஜீபைப் பார்த்து. "மாமி ஏன் அங்க போய்த் தொழறாங்க?"

முஜீப் தொட்டியைப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

முஜீப் போனைப் பார்த்தான். அஃப்ஷீன் அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஷஃபியுல்லாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் என்ன இருந்ததோ, வந்து அவரைக் கேட்கவில்லை. ஜாங்கிரித் தட்டை இஃபத் கையில் கொடுத்தாள். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

ஜுலைகா ஸலாம் கொடுக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றாள். அப்புறம் மணலில் உட்கார்ந்தாள். ரெண்டு பேரும் பேசினார்கள்.

மேலே ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஜுலைகாவின் உதடு அசைவது தெரிந்தது. ஒரு கையால் இஃபத் நிற்கிற பக்கம் காட்டினாள். அஃப்ஷீன் எதையோ திருப்பிக் கேட்டாள். ஜுலைகா தலையை ஆட்டினாள். அஃப்ஷீன் ரெண்டு கையையும் தூக்கி, வெறும் மணிக்கட்டைக் காட்டி ஏதோ சொன்னாள். ஜுலைகா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

ஷஃபியுல்லா வியாபாரத்தில் எத்தனையோ பேச்சைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக் கேட்டவர். இந்தப் பேச்சு கேட்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

அஃப்ஷீன் எழுந்தாள். மோட்டார் ஒயரைப் பிடித்து இழுத்தாள். மோட்டார் நின்றது. திடீரென்று அத்தனை அமைதி. மாடிகளில் இருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"மாமா," என்றாள், கீழேயிருந்து அண்ணாந்து. கத்தவில்லை. ஆனால் தெருவுக்கே கேட்டது. "இந்த மண்ணு யாருது?"

"அஃப்ஷீன், மேல வா, உள்ள போய்ப் பேசிக்கலாம்," என்றான் முஜீப்.

"நான் உங்களைக் கேக்கலை. மாமா சொல்லட்டும்."

"அப்புறம் பேசலாம்மா..." என்று ஷஃபியுல்லா ஆரம்பித்தார்.

"மாமா."

மேலே தட்சிணாமூர்த்தி. பின்னால் மகன். பின்கதவில் மகள், பேத்தி. தலைக்கு மேலே விலை போட்டு வாங்கிய குளம், காற்றில். ஒளிய ஓர் இடம் இல்லை. கொடுத்தபோதும் சபையில் நின்றுதான் சொன்னார். இப்போதும் சபைதான்.

"ஜுலைகாவுது," என்றார்.

"சத்தமா சொல்லுங்க."

"ஜுலைகாவுது! அவ மஹர். நான் குடுத்தது. அவளைக் கேக்காம வெட்டச் சொன்னவன் நான்."

சொல்லிவிட்டார். சொன்னதும் நெஞ்சில் இருந்த கல் இறங்கும் என்று நினைத்தார். இறங்கவில்லை. அஃப்ஷீன் அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் நிரம்பி நின்றது, விழவில்லை.

"சரி மாமா. மண்ணு மாமியுது," என்றாள். "அதுல போட்ட என் நகை யாருது?"

ஷஃபியுல்லா நிர்மல் பக்கம் திரும்பினார்.

குளத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கண்ணால் கேட்டார். நிர்மல், முடியாது என்று உதட்டைப் பிதுக்கினான். முஜீபைப் பார்த்தார். அவன் தலையைத் தூக்கவில்லை. குழியை மூடினால் ஒருத்தி வாழ்க்கை மண்ணுக்குள். தொட்டியை இறக்கினால் இன்னொருத்தி ஹாலில்.

"பாய்! எறக்கறதா, திருப்பிகினு போறதா? ஒண்ணு சொல்லு பாய்!" என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

கீழே ஜுலைகா முஸல்லாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். மருமகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

ஷஃபியுல்லா ஏணியின் மேல்படியில் காலை வைத்தார்.

"நீங்க அங்கேயே நில்லுங்க," என்றாள் ஜுலைகா. "பதில் கொண்டாந்தா இறங்குங்க."

ஒரு கால் ஏணியிலும் ஒரு கால் கரையிலுமாக அவர் நின்றார். எந்தக் காலை எடுப்பது என்று தெரியவில்லை.